யாருக்காக இந்தப் பக்கம்?
இணையத்தளம் வடிவமைக்க விரும்பும் இளையோர் அறிய வேண்டியவை

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் மாலை, தெல்தெனிய நகருக்கு அண்மையில் வசிக்கும் ஒரு தாய் தன் மகளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணவரை இழந்தவர். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். ஏதோ ஒரு தொழிற்பயிற்சி நெறிக்கு விண்ணப்பம் கோரியிருப்பதாக அயலவர் யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். "மௌலவி, எல்லாம் இந்த போன்ல இருக்காம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களே" என்று கையடக்கத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தைத் திறந்தோம். முதலில் பெரிய பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. அவை வந்து சேரவே வெகு நேரம் பிடித்தது. மூலையில் 'தமிழ்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தியதும் மேலேயுள்ள தலைப்புகள் மாத்திரம் தமிழுக்கு மாறின. உள்ளே எல்லாம் ஆங்கிலமாகவே இருந்தது. தேடித் தேடிக் கீழே போனால், கையொப்பமிட்ட கடிதங்கள் இரண்டைப் படம்பிடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்துக்கள் கலங்கின. ஒருவாறு வாசித்து, "மாத இறுதிவரை காலம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் பார்த்தது மேலேயிருந்த கடிதத்தின் திகதி. அது வேறொரு பயிற்சி நெறிக்குரியது. அந்தப் பிள்ளைக்குரிய நெறியின் இறுதித் திகதி இரண்டாவது படத்தின் அடியில், மங்கிய சிறு எழுத்தில் இருந்தது. அவர்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டு கண்டிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

வாசகர்களே! இதில் முதற் குற்றவாளி அவசரப்பட்டு வாசித்த நான்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வடிவமைத்தவருக்கும் இதில் பங்கு உண்டல்லவா? அவர் கெட்ட எண்ணத்தோடு அதனைச் செய்திருக்க மாட்டார். மேசையில் பெரிய கணினித் திரையும் வேகமான இணைப்பும் வைத்துக்கொண்டு, தம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததை அமைத்துவிட்டுப் போயிருப்பார். பக்கத்தைத் திறக்கப் போகிறவர் யார் என்று மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்று எம் இளைஞர்களும் யுவதிகளும் இணையத்தள வடிவமைப்பைத் தொழிலாகக் கற்க ஆர்வம் காட்டுகிறார்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் என்பதால் பெற்றோரும் விரும்புகிறார்கள். நல்ல விடயம். நான் கணினி நிபுணன் அல்லன். அரபு கற்பிக்கும் ஆசிரியன். ஆயினும் அந்தச் சம்பவத்தின் பின்னர், எமது மாணவர்களோடு சேர்ந்து எமது கல்லூரியின் பக்கத்தைப் பலமுறை அமைத்தும் குலைத்தும் சில பாடங்களைப் படித்தோம். அவற்றை இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

ஊருக்குப் புதியவர்

எமது தெல்தெனியவைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1985இல் விக்டோரியா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அந்த நீர்த்தேக்கத்தின் கீழ் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிப் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரியும். பழைய நகரம் காலப்போக்கில், ஒரு கடையாக, ஒரு வீடாகத் தானாகவே வளர்ந்தது. புதிய நகரம் அப்படியல்ல. பஸ் தரிப்பிடம் எங்கே, கடைத்தெரு எங்கே, வைத்தியசாலை எங்கே என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே வரைபடத்தில் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இணையத்தளம் வடிவமைப்பவரின் நிலையும் இதுதான். அவர் முன்னால் இருப்பது வெறும் நிலம். மஹியங்கனை பஸ்ஸில் வந்து இங்கே இறங்கும் ஒருவர் நகரத்தின் அழகைப் பார்ப்பதற்காக இறங்குவதில்லை. நோயாளியைப் பார்க்க வைத்தியசாலைக்கு வந்திருப்பார். வழக்குக்காக நீதிமன்றத்துக்கு வந்திருப்பார். யாரிடமும் கேட்காமலே அவர் போய்ச் சேருவாரானால் நகரம் ஒழுங்காக அமைந்திருக்கிறது என்று பொருள். இணையத்தளத்துக்கு வருபவருக்கோ வழி கேட்பதற்கும் ஆளில்லை.

எனவே முதல் விதி இது: கணினியைத் திறக்குமுன் ஒரு தாளை எடுங்கள். இந்தப் பக்கத்துக்கு யார் வருவார்? எதற்காக வருவார்? எதை முடித்துக்கொண்டு போக வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். விடை கிடைத்த பிறகுதான் நிறத்தையும் படத்தையும் பற்றி யோசிக்க வேண்டும்.

நாம் அனைவரும் பயன்படுத்திய ஒரு பக்கம்

இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியை நாம் மறக்க முடியுமா? இரவு பகலாக வரிசையில் நின்றோம். அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் அரசாங்கம் தேசிய எரிபொருள் அனுமதி அட்டையை அறிமுகப்படுத்தியது. கணினியைத் தொட்டே பார்க்காத முச்சக்கரவண்டிச் சாரதிகள், விவசாயிகள், முதியவர்கள் என இலட்சக்கணக்கானோர் அந்த இணையப் பக்கத்தில் பதிவு செய்துகொண்டார்கள். அது எப்படிச் சாத்தியமாயிற்று?

அந்தப் பக்கத்துக்கு ஒரேயொரு வேலைதான் இருந்தது. அது கேட்ட கேள்விகள் சில மட்டுமே: தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் போன்றவை. கேட்டவை எல்லாம் எம் கையிலிருந்த அட்டையிலும் வாகனப் புத்தகத்திலும் இருந்தவையே. தொலைபேசிக்கு ஓர் இரகசிய இலக்கம் வந்தது. அதைக் கொடுத்ததும் கட்டம் கட்டமான கியூ.ஆர். குறியீடு கிடைத்தது. அதைத் தொலைபேசியில் வைத்திருந்தாலும் சரி, காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்தாலும் சரி, எரிபொருள் நிலையத்தில் செல்லுபடியானது. ஸ்மார்ட் போன் இல்லாதவருக்குப் பிள்ளையோ அயலவரோ பதிவு செய்து தாளைக் கையில் கொடுத்துவிடலாம். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என ஆரம்பத்தில் கிடைத்த அந்தச் சிறு பங்கைப் பெறுவதற்கு மக்கள் அதனைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டார்கள்.

இதில் உங்களுக்குரிய பாடம் என்ன? ஒரு பக்கத்துக்கு ஒரு முக்கிய வேலையைக் கொடுங்கள். தேவையில்லாத கேள்வியைக் கேட்காதீர்கள். கேட்கும் தகவல் எந்த ஆவணத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். திரைக்கு வெளியே இருப்பவரையும் நினைத்துப் பாருங்கள்.

கிதாபின் பக்கம் கற்றுத்தரும் ஒழுங்கு

பக்கத்தை ஒழுங்குபடுத்துவது கணினியோடு பிறந்த கலையல்ல. அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் பழைய கிதாபுகளைப் பாருங்கள். 'மத்ன்' எனப்படும் மூல வாசகம் தனியே தெரியும்; சிலவற்றில் சிவப்பு மையினாலும், சிலவற்றில் அடைப்புக் குறிகளாலும் அதனை வேறுபடுத்தியிருப்பார்கள். 'ஷரஹ்' என்ற விளக்கவுரை அதனோடு ஓடும். 'ஹாஷியா' என்ற குறிப்புரை ஓரத்தில் நிற்கும். பக்கத்தின் அடியில், அடுத்த பக்கம் தொடங்கும் சொல்லை முன்கூட்டியே எழுதி வைப்பதும் உண்டு. ஏடுகள் குலைந்தாலும் ஒழுங்கு தவறக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எது முதன்மை, எது விளக்கம், எது உபரி, அடுத்து எங்கே போவது என்பதெல்லாம் ஓதுபவருக்குப் பார்த்தவுடனே விளங்கும்.

இணையப் பக்கத்திலும் இதுவே முறை. மிக முக்கியமானது மேலே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு அடுத்தது அதைவிடச் சிறிதாக. தொடர்புள்ளவை அருகருகே, தொடர்பில்லாதவற்றுக்கிடையே வெற்றிடம். வெற்றிடத்தைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, கண் இளைப்பாறவும், ஒரு செய்தி முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அறியவும் அதுவே துணை. எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டால் எதுவுமே தடித்ததாகத் தெரியாது. எல்லா மூலைகளிலும் மின்னும் எழுத்துக்களும் சுழலும் படங்களும் வைத்தால் வருபவர் எதைத்தான் பார்ப்பார்?

எமது கல்லூரிப் பக்கத்தின் முதல் வடிவத்தில் நாங்களும் இந்தத் தவறைச் செய்தோம். பக்கத்தைத் திறந்தவுடன் ஒலி தானாக முழங்கும். முகப்பில் கட்டடத்தின் படம் சுழலும். சேர்வு விண்ணப்பம் எங்கே என்று கேட்டால் மாணவர்களுக்கே உடனே காட்டத் தெரியவில்லை.

தமிழ் எழுத்துக்குரிய மரியாதை

எம்மவர் அமைக்கும் தளங்களில் பெரும் குறை தமிழ் எழுத்தில்தான் இருக்கிறது. சற்று வரலாற்றைப் பார்ப்போம். இணைய வலையை டிம் பேர்னர்ஸ் லீ, ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய காலத்தில் உருவாக்கினார். 1989இல் யோசனையை முன்வைத்தார். 1991இல் அது வெளியுலகுக்கு வந்தது. நான்கே வருடங்களில், 1995இல், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி போன்றோரின் முயற்சியால் தமிழ் இணையத்தில் ஏறியது. 1997இல் அதே சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. ஆனால் அக்காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவைப் பயன்படுத்தியதால், ஒருவர் எழுதியதை மற்றவரின் கணினியில் வாசிக்க முடியவில்லை. எம் நாட்டு அச்சகங்களில் எங்கும் பரவிய பாமினி எழுத்துருவும் அவ்வகையைச் சேர்ந்ததே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகத் தோன்றும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது யூனிகோட் முறை. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் ஒதுக்கும் இந்த முறையில் 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 'லதா' என்ற தமிழ் எழுத்துருவோடு வந்தது. இன்று கையிலிருக்கும் எந்த ஸ்மார்ட் போனும் யூனிகோட் தமிழைக் காட்டும்.

அப்படியிருந்தும் பலர் பாமினியில் தட்டெழுதி, அதைப் படமாக்கித் தளத்தில் ஒட்டுகிறார்கள். படத்திலுள்ள எழுத்தைத் தேட முடியாது. பிரதி செய்ய முடியாது. மொழிபெயர்ப்புக் கருவியிலும் எளிதில் இட முடியாது. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு பக்கத்தைக் கேட்கும்போது, படம் வந்த இடத்தில் அவருக்குச் செய்தி நின்றுவிடும். ஆகவே அறிவித்தலை யூனிகோட் எழுத்தாகவே இடுங்கள். படம் அவசியமானால் அதற்கு மாற்று வாசகம் ஒன்றை எழுதி வையுங்கள்.

தமிழுக்கே உரிய இன்னும் சில விடயங்களை ஆங்கில நூல்கள் உங்களுக்குச் சொல்லித் தரா:

* தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் வையுங்கள். அதைவிடச் சற்றுக் கூடினாலும் நல்லது.
* தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் இரண்டெழுத்தில் முடியும் பொத்தானில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுத வேண்டியிருக்கும். ஆங்கிலத்துக்கு அளந்து பொத்தானைச் செய்துவிட்டுத் தமிழை அதற்குள் திணித்தால் சொல் வெட்டுப்படும். முதலில் தமிழை வைத்து அளவெடுங்கள்.
* சாய்ந்த எழுத்து தமிழ் மரபில் இல்லை. அழுத்திச் சொல்ல வேண்டியதைத் தடித்த எழுத்தில் தாருங்கள். அடிக்கோடு 'கு', 'மு' போன்றவற்றின் சுழியை வெட்டுவதால், இணைப்புகளைத் தவிர வேறெங்கும் அதனைத் தவிருங்கள்.
* உடல் எழுத்து 16 பிக்ஸலுக்குக் குறையக் கூடாது. ஒரு தளத்துக்கு இரண்டு எழுத்துருக்கள் போதும்.
* தமிழுக்கு நடுவில் அரபு வாசகம் வந்தால், அது வலமிருந்து இடம் செல்வது என்று குறிமொழியில் அறிவியுங்கள். இல்லையேல் முற்றுப்புள்ளியும் இலக்கமும் இடம் மாறி நிற்கும்.

நிறமும் கண்ணும்

வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்து வடிவமைப்பாளருக்கு நாகரிகமாகத் தோன்றலாம். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் பஸ் தரிப்பிடத்தில் நின்று தொலைபேசியைப் பார்ப்பவருக்கு அது தெரியுமா? அறுபது வயதுக் கண்ணுக்குத் தெரியுமா?

இதற்குக் கணக்கே இருக்கிறது. 1994இல் பேர்னர்ஸ் லீ நிறுவிய டபிள்யூ.3.சி. எனும் சர்வதேச அமைப்பு, எல்லோரும் அணுகக்கூடிய இணையப் பக்கங்களுக்கான வழிகாட்டிகளை 1999 முதல் வெளியிட்டு வருகிறது. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆக இருக்க வேண்டும், பெரிய எழுத்தானால் 3க்கு 1 போதும் என்பது அதன் அளவுகோல். வெள்ளையில் கறுப்பு 21க்கு 1. இதை அளந்து சொல்லும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பார்த்து மதிப்பிடாமல் அளந்து பாருங்கள்.

நிறத்தை மட்டும் வைத்துச் செய்தி சொல்வதும் கூடாது. 'சிவப்பில் உள்ளவை கட்டாயம் நிரப்ப வேண்டியவை' என்றால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர் என்ன செய்வார்? 'கட்டாயம்' என்ற சொல்லையே எழுதிவிடுங்கள்.

சிறிய திரை, மெதுவான இணைப்பு

எம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இணையம் என்பது கையடக்கத் தொலைபேசிதான். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதைக் கண்ணால் கண்டோம். ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுப் படித்தார்கள். அலைவரிசை கிடைக்கும் இடம் தேடி மேட்டில் ஏறியவர்களும் உண்டு.

ஆகவே முதலில் சிறிய திரைக்கு வடிவமையுங்கள். பிறகு பெரிய திரைக்கு விரியுங்கள். திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே அமைந்துகொள்ளும் முறையை 2010இல் ஈதன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் விளக்கியெழுதினார். இன்று அதுவே பொது வழக்கம். பொத்தான்கள் பெருவிரலுக்கு அகப்படும் அளவில் இருக்க வேண்டும். இரண்டு பொத்தான்களை ஒட்டி வைத்தால் 'அனுப்பு' என்பதற்குப் பதிலாக 'அழி' அழுத்தப்பட்டுவிடும்.

எடையையும் கவனியுங்கள். தொலைபேசியில் எடுத்த ஒரு படம் 4 மெகாபைட் இருக்கலாம். பரிசளிப்பு விழாவின் 20 படங்களை அப்படியே ஏற்றினால் 80 மெகாபைட். அளவைச் சுருக்கி ஒவ்வொன்றையும் 200 கிலோபைட்டுக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 4 மெகாபைட்தான். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. நீங்கள் வாசிக்கும் இந்தக் கட்டுரை முழுவதையும் யூனிகோட் எழுத்தாக இட்டால் 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். டேட்டா அட்டைக்குப் பணம் கொடுப்பவர் நீங்கள் அல்லர், அந்தத் தாய்.

எங்கே நிற்கிறேன், எங்கே போவது?

ஒவ்வொரு பக்கத்திலும் வருபவருக்கு மூன்று விடயங்கள் தெரிய வேண்டும்: இது யாருடைய தளம், நான் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறேன், முகப்புக்கு எப்படித் திரும்புவது. பட்டியலில் ஐந்தாறு தலைப்புகள் போதும். தலைப்புகள் உங்கள் நிறுவனத்தின் உள் பிரிவுகளின் பெயர்களாக இல்லாமல், வருபவர் தேடும் சொற்களாக இருக்கட்டும். 'நிருவாகப் பிரிவு' என்பதைவிட 'சேர்வு விண்ணப்பம்' என்பது விளங்கும்.

இணைப்புகளுக்கு 'இங்கே அழுத்தவும்' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். அழுத்தினால் என்ன வரும் என்று சொல்லுங்கள்: 'விண்ணப்பப் படிவத்தைப் பெற'. யாரேனும் தவறாக நிரப்பினால் 'பிழை' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில் பிழை, எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள். அவர் சரியாக நிரப்பிய மற்றவற்றை அழித்துவிடாதீர்கள்.

மும்மொழி நாட்டின் கடமை

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே பொதுமக்களுக்கான ஒரு தளத்தில் தமிழ்ப் பக்கம் என்பது சலுகையல்ல. அதே நியாயம் எமக்கும் உண்டு. எமது நிறுவனங்களின் தளங்களைச் சிங்களச் சகோதரர்களும் வாசிக்கும்படி அமைக்க வேண்டாமா?

மொழிப் பொத்தான்களில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் 'தமிழ்' என்பதை ஆங்கில எழுத்தில் எப்படிக் கண்டுபிடிப்பார்? மொழியை மாற்றும்போது வாசித்துக்கொண்டிருந்த அதே பக்கம் மறுமொழியில் வர வேண்டும். மீண்டும் முகப்பில் கொண்டுபோய் விடக் கூடாது. உள்ளடக்கத்தை மொழிபெயர்க்க வசதியில்லையென்றால், மிக முக்கியமான இரண்டு மூன்று பக்கங்களையாவது முழுமையாகத் தாருங்கள். பொத்தான் மட்டும் தமிழில் இருப்பது, கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஆளில்லாமல் விடுவதற்குச் சமம்.

பொறுப்பும் நம்பிக்கையும்

இந்த விடயத்தை எம் பகுதி மக்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் சுற்றுவட்டாரங்களிலும் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்பும் வதந்தியும் சமூக வலைத்தளங்கள் வழியே பரவின. அந்த மாதம் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்டவற்றைத் தற்காலிகமாக முடக்கியது. தன் தளம் பயன்படுத்தப்பட்ட விதத்துக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

இதிலிருந்து வடிவமைப்பாளர் பெறும் படிப்பினை என்னவென்றால், ஒரு பொத்தானை எங்கே வைக்கிறோம், எதை எளிதாக்குகிறோம் என்பதற்கு விளைவு உண்டு. வாசிக்குமுன் பகிரத் தூண்டும் பக்கத்தை அமைப்பவர், பகிரப்படுவது எதுவாயினும் அதில் பங்காளியாகிறார். நீங்கள் அமைக்கும் தளம் சிறியதாகவே இருக்கட்டும்; ஒவ்வொரு செய்தியிலும் எழுதியவர் யார், எந்த நாள், எந்த ஆண்டு என்று போடுங்கள். முகவரியும் தொலைபேசி இலக்கமும் தெரியும் இடத்தில் இருக்கட்டும். காலம் கடந்த அறிவித்தலை அகற்றுங்கள்; அல்லது 'முடிவடைந்தது' என்று மேலே எழுதுங்கள். தவறு நேர்ந்தால் திருத்தி, திருத்தியதாகச் சொல்லுங்கள். வாசகரின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் உங்களிடம் தரப்பட்ட அமானிதம். தேவைக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கியதை வெளியே விடாதீர்கள்.

ஐந்து பேரிடம் காட்டுங்கள்

பக்கம் முடிந்ததும் நண்பர்களிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். ஒரு வேலையைக் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று இத்துறை அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார்.

எமது கல்லூரியின் புதிய பக்கத்தை அப்படிச் சோதித்தபோது, தொடக்கத்தில் நான் சொன்ன அந்தத் தாயையும் அழைத்தோம். "சேர்வுக்கான கடைசித் திகதியைக் கண்டுபிடியுங்கள்" என்று தொலைபேசியைக் கொடுத்தோம். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கிடைக்கவில்லை. பட்டியல் மூலையிலுள்ள மூன்று கோடுகளுக்குள் இருக்கிறது என்று ஒரு மாணவன் பொறுமையிழந்து காட்டினான். "இந்த மூணு கோடும் என்னத்துக்கு மௌலவி? நான் அது ஏதோ கீறல் என்டு நினைச்சேன்" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள், பிறகு யோசித்தார்கள். அன்றே அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் 'பட்டியல்' என்று எழுதினோம். இறுதித் திகதியை முகப்பின் தலைமாட்டில், பெரிய எழுத்தில், ஆண்டோடு வைத்தோம். அடுத்த முறை அவர் யார் உதவியுமின்றிக் கண்டுபிடித்தார்.

எப்படித் தொடங்குவது?

பெரும் செலவு தேவையில்லை. சேர்ன் நிறுவனம் 1993 ஏப்ரல் 30ஆம் திகதி வலையின் மென்பொருளை உலகத்துக்கே இலவசமாக்கிவிட்டது. பக்கத்தின் உள்ளடக்கத்தைக் குறிக்கும் எச்.டி.எம்.எல்., அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். ஆகிய இரண்டையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பிறகு வரட்டும். மூன்றுக்கும் இலவசப் பாடங்கள் நிறைய உண்டு. ஒரு பழைய கணினியே போதும். பள்ளிவாசல் நூலகத்துக்கோ, உங்கள் வாப்பாவின் கடைக்கோ, ஊரின் மரண உதவிச் சங்கத்துக்கோ ஒரே பக்கத்தை அமைத்துப் பாருங்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சில நிமிடங்களில் ஒரு பக்கத்தை வரைந்து தருகிறது. பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் மூன்று கோடுகளைக் கீறல் என்று நினைக்கும் தாயைப் பற்றி அதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு அச்சியந்திரமும் எழுத்துக்கோப்பவரும் காகிதமும் வேண்டியிருந்தன. அவை எதுவும் இல்லாமலே உலகம் முழுவதும் வாசிக்கக்கூடிய ஒரு பக்கத்தை இன்று எமது வீட்டுப் பிள்ளை அமைக்க முடியும். அவ்வளவு பெரிய வசதி கையில் கிடைத்திருக்கும்போது, அது வருபவருக்குப் பயன்பட வேண்டாமா?

அந்தப் பெண்பிள்ளை அடுத்த வருடம் மீண்டும் விண்ணப்பித்து, அதே பயிற்சி நெறியில் சேர்ந்தாள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனாலும் அவளுடைய ஒரு வருடம் போனது போனதுதான். இளைஞர்களே, யுவதிகளே! நீங்கள் அமைக்கப்போகும் ஒவ்வொரு பக்கத்தையும், அப்படியொரு தாய் தன் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு திறப்பார் என்று எண்ணி அமையுங்கள்.